சாவியை வாசலில் வையுங்கள்: கார் பூட்டின் நூறு வருடக் கதை

2024 தொடக்கத்தில் டொரொண்டோவின் எட்டோபிகோ பகுதியில் போலீஸ் ஒரு பொதுமக்கள் கூட்டம் நடத்தியது. கார் திருட்டு தலைவிரித்தாடிக்கொண்டிருந்த சமயம். அங்கே ஒரு போலீஸ்காரர் சொன்ன யோசனை உலகம் முழுக்கப் பரவியது. கார் சாவியை வீட்டு வாசல் கதவுப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள் என்றார். உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறவனுக்கு வேண்டியது கார்தான், சாவி கையில் கிடைத்தால் போய்விடுவான், உங்களைத் தொட மாட்டான் என்பது அவருடைய கணக்கு. ஊரே சிரித்தது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் வேறு வழிகளும் இருக்கின்றன என்று போலீஸ் துறையே பிறகு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஸ்கார்பரோவில் இருக்கும் காலேஜ் நண்பனுக்கு அந்தச் செய்தியை அனுப்பி, "என்னடா உங்க ஊரு போலீஸ் இப்படி?" என்று கேட்டேன். "சிரிக்காதடா, நாங்க ரெண்டு மாசமா அப்படித்தான் வைக்கிறோம். சாவியைத் தேடி அவன் புள்ளைங்க ரூமுக்கு வந்துடக் கூடாதுல்ல" என்று பதில் வந்தது. அதற்கப்புறம் சிரிக்க முடியவில்லை.

கார் பூட்டு நூறு வருடமாகப் பலமாகிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அப்புறம் ஏன் ஒரு அப்பா திருடனுக்குச் சாவியை எடுத்துவைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்? சில வாரங்கள் இதைத் தோண்டிப் பார்த்தேன். கிடைத்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

இருபத்து நான்கு சாவிகள்

ஆரம்ப காலக் காரைத் திருடுவதே ஒரு வேலை. முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றி இஞ்சினைக் கிளப்ப வேண்டும். 1912 மாடல் கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தது. சொந்தக்காரனுக்கு வசதி. திருடனுக்கும் அதே வசதி. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றது. மின் ஸ்டார்ட்டர் வந்த பிறகு அதற்குச் சாவி போட்ட சுவிட்ச் கொடுத்தார்கள். எத்தனை வகைச் சாவி தெரியுமா? 24. எண் 51-ல் இருந்து 74 வரை. எந்தச் சாவி என்று சுவிட்ச் முகப்பிலேயே எண்ணும் அடித்திருந்தது! பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைக்கும் நம் ஆபீஸ் ஆட்களுக்கு அன்றே முன்னோடிகள் இருந்திருக்கிறார்கள்.

பூட்டால் முடியாததைச் சட்டத்தால் பிடிக்கப் பார்த்தார்கள். மிசௌரியின் காங்கிரஸ் உறுப்பினர் லியோனிடஸ் டையர் கொண்டுவந்த சட்டம் 1919-ல் நிறைவேறியது. திருட்டு வண்டியோடு மாநில எல்லையைத் தாண்டினால் அது மத்திய அரசு விசாரிக்கும் குற்றம். வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சர் 1934 மார்ச்சில் இந்தியானா சிறையிலிருந்து தப்பி, ஷெரீஃபின் காரையே எடுத்துக்கொண்டு சிகாகோவுக்குப் போனான். அத்தனை கொள்ளை அடித்தவன் மேல் எஃப்பிஐ நேரடியாகக் கை வைக்க வழி கிடைத்தது இந்தக் கார் திருட்டுச் சட்டத்தால்தான்.

ஒரே பூட்டு, இரண்டு தேசங்கள்

அடுத்த பெரிய முயற்சி ஸ்டியரிங் பூட்டு. சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இறுகிக்கொள்ளும். இன்றைக்கு நம் எல்லார் வண்டியிலும் இருப்பதுதான். வயரைப் பிடுங்கி இஞ்சினைக் கிளப்பினாலும் வண்டி வளையாது. இதை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகக் கட்டாயமாக்கின. நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில் விதி வந்தது. புது கார், பழைய கார் என்று பார்க்காமல், சாலையில் ஓடும் எல்லாக் காரிலும் மாட்ட வேண்டும். திருட்டு குறைந்தது, குறைந்த இடத்திலேயே நின்றது.

இங்கிலாந்தில் 1971-ல் வந்தது. அங்கே புது கார்களுக்கு மட்டும். அந்நாட்டு உள்துறையின் ஆய்வாளர்கள் லண்டன் திருட்டுக் கணக்கைப் பிறகு அலசினார்கள். 1969-ல் அனுமதியின்றி ஓட்டிச் செல்லப்பட்ட கார்களில் சுமார் 20 சதவீதம் புது கார்கள். 1973-ல் அது 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. பூட்டு வேலை செய்தது என்று கைதட்டலாம். ஆனால் பூட்டு இல்லாத பழைய கார்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. திருடர்கள் திருந்தவில்லை, பக்கத்து வண்டிக்கு நகர்ந்தார்கள். பழைய கார் வைத்திருந்தவர் யார்? புது கார் வாங்க வசதி இல்லாதவர். வசதியுள்ளவர் தலைக்கு வந்தது வசதியில்லாதவர் தலையில் விடிந்தது.

தெரியும் கம்பி, தெரியாத பெட்டி

இதே பாடத்தை அமெரிக்கா 1980-களில் வேறு விதமாகப் படித்தது. ஒரு பக்கம் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வின்னர் விற்ற 'தி கிளப்'. ஸ்டியரிங் மேல் குறுக்கே மாட்டும் இரும்புக் கம்பி. கண்ணாடி வழியாகப் பார்த்தாலே தெரியும். திருடன் பார்ப்பான், சலித்துக்கொள்வான், அடுத்த வண்டிக்குப் போவான்.

இன்னொரு பக்கம் லோஜாக். காருக்குள் எங்கோ மறைத்து வைக்கும் ரேடியோ பெட்டி. 1986-ல் மாசசூசெட்ஸில் ஆரம்பித்தது. வண்டி காணாமல் போனால் பெட்டி சிக்னல் அனுப்பும், போலீஸ் தேடிப் பிடிக்கும். வெளியே ஸ்டிக்கர்கூடக் கிடையாது. அப்படியானால் எந்த வண்டியில் பெட்டி இருக்கிறது, எதில் இல்லை என்று திருடனுக்குத் தெரியாது. எதைத் தொட்டாலும் பயம்.

இயன் ஏர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் இதைக் கணக்குப் போட்டார்கள். குற்றம் அதிகமுள்ள பெருநகரங்களில் மூன்று லோஜாக் மாட்டினால் வருடத்துக்கு ஒரு கார் திருட்டு குறைகிறது. மாட்டியவருக்குக் கிடைப்பது மொத்த நன்மையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி முழுக்க அதே ஊரில் கார் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு. கம்பி உங்களைக் காப்பாற்றிப் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்கிறது. பெட்டி எல்லாரையும் காப்பாற்றுகிறது, செலவு மட்டும் உங்களுடையது. மனுஷன் எதை வாங்குவான்? சொல்லவே வேண்டாம்.

சாவிக்குள் ஒரு சிப்

1986 கார்வெட் காரின் சாவியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு குட்டி ரெசிஸ்டர் வைத்தது. சாவியின் வெட்டு பொருந்தினால் மட்டும் போதாது, ரெசிஸ்டரின் அளவும் பொருந்த வேண்டும். மொத்தம் 15 அளவுகள். ஃபோர்டின் 24 சாவிகள் ஞாபகம் வருகிறதா?

1990-களில் வந்தது உண்மையான மாற்றம்: இமொபிலைசர். சாவியின் கருப்புத் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிப். இக்னிஷனைச் சுற்றியுள்ள காயில் அதற்கு மின்சாரமும் கொடுத்து ஒரு கேள்வியும் கேட்கும். ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு சிப் பதில் சொல்ல வேண்டும். பதில் தப்பென்றால் இஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடாது. சாவிக் கடைக்காரர் "சார், இதுல சிப்பு இருக்கு, சாதா டூப்ளிகேட் எடுபடாது" என்று சொல்வது இதனால்தான்.

ஐரோப்பிய யூனியன் 1998 அக்டோபர் முதல் புது கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. 2001-ல் ஆஸ்திரேலியா, 2007-ல் கனடா. நெதர்லாந்துக் கணக்கை ஆராய்ந்த வான் ஆவர்ஸ், வொல்லார்ட் இருவரும், இமொபிலைசரால் மொத்தக் கார் திருட்டு சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று மதிப்பிட்டார்கள். பழைய கார்களுக்கு நகர்ந்ததையும் சேர்த்த கணக்கு இது.

நம்பாதவர்களுக்கு இன்னொரு உதாரணம். அமெரிக்காவில் இமொபிலைசர் கட்டாயம் இல்லை. 2015 மாடல் ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் அது இருந்தது. மற்ற கம்பெனிகளில் 96 சதவீதம். 2021, 2022-ல் மில்வாக்கியில் தொடங்கி ஊர் ஊராகச் சிறுவர்கள் இந்த வண்டிகளைக் கிளப்பினார்கள். இக்னிஷன் மூடியைப் பெயர்த்து ஒரு யூஎஸ்பி வயர் முனையால் திருப்பினால் போதும். டிக்டாக்கில் வீடியோ போட்டார்கள். திருடிய வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டி மோதியதில் குறைந்தது 8 பேர் இறந்ததாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023 பிப்ரவரியில் சொன்னது. எல்லை தாண்டினால் கனடா. அதே கம்பெனிகள், ஆனால் சட்டம் இருந்ததால் சிப் இருந்தது. அங்கே இந்தக் கூத்து நடக்கவில்லை. கடைசியில் சுமார் 83 லட்சம் வண்டிகளுக்கு சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்தார்கள். தொடக்கத்திலேயே வைத்திருக்க வேண்டியதைப் பிறகு 'பேட்ச்' போட்டுச் சரிசெய்வது என்ன பாடு என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சிப்பும் அசைக்க முடியாதது இல்லை. ஒரு பிரபல சிப் 40 பிட் ரகசிய எண் வைத்திருந்தது. அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள். பிரமாண்டமாகத் தெரிகிறதா? 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்து, ஒரு ஃபோர்டு காரையும் கிளப்பிக் காட்டினார்கள். ஆனால் அதற்குப் படிப்பு, கருவி, நேரம் எல்லாம் வேண்டும். சாதாரணத் திருடனுக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தது.

சாவி இருக்கும் இடம்

காரை உடைக்க முடியாவிட்டால் சாவி வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது? உங்களிடம். இங்கேதான் ஆபத்து உலோகத்திலிருந்து சதைக்கு நகர்கிறது. இங்கிலாந்தில் கார் சாவிக்காகவே வீடு புகுவது தனி வகைக் குற்றமாகவே வளர்ந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநரை மிரட்டிக் காரைப் பிடுங்கும் 'கார்ஜாக்கிங்' இமொபிலைசரால் பிறந்ததல்ல. அந்தச் சொல்லே 1991-ல் டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகை வழியாகத்தான் புழக்கத்துக்கு வந்தது. அப்போது பெரும்பாலான கார்களில் சிப் கிடையாது. 1992 செப்டம்பரில் மேரிலாந்தில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு இளம் தாய், குழந்தையை முதல் நாள் மழலைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும்போது காரைப் பிடுங்கினார்கள். பின் சீட்டில் குழந்தை. அவர் காரை விட மறுத்ததாகப் பலர் எழுதினார்கள். அவர் விடாதது காரையா, குழந்தையையா? சீட் பெல்ட்டில் கை சிக்கி, ஒன்றரை மைலுக்கும் மேல் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். குழந்தை பிழைத்தது. அடுத்த மாதமே அமெரிக்கா கார்ஜாக்கிங்கை மத்தியக் குற்றமாக்கியது.

ஆக, வேர் வேறு. ஆனால் பூட்டு பலமாகப் பலமாக, திருடனுக்கு இந்த வழியின் கவர்ச்சி கூடுகிறது.

இதன் உச்சம் மலேசியாவில் நடந்தது. 2005 மார்ச்சில் பிபிசியில் வந்த செய்தி. கோலாலம்பூர் பக்கம் ஒரு கணக்காளர் வைத்திருந்த மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ், விரல்ரேகை பார்த்தால்தான் கிளம்பும். கொள்ளையர்கள் அவரையும் காரில் போட்டுக்கொண்டு போனார்கள். மறுபடி கிளப்ப விரல் வேண்டுமே? ஆள் எதற்கு, விரல் போதும் என்று ஆள்காட்டி விரலின் நுனியைக் கத்தியால் வெட்டிக்கொண்டார்கள். சாவி தொலையவே கூடாது என்று யோசித்து உடம்பையே சாவியாக்கியவர் இப்படி ஒன்றை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். பத்து வருடமாக லாகின் ஸ்கிரீன் எழுதுகிறவன் நான். இதைப் படித்துவிட்டு அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

எதிர்த் திசையிலும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் சார்ல் ஃபூரி 1998-ல் 'பிளாஸ்டர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். டிக்கியில் காஸ் சிலிண்டர், முன் கதவுகளுக்குக் கீழே முனைகள், பெடல் பக்கத்தில் சுவிட்ச். கொள்ளையன் ஜன்னலுக்கு வந்தால் மிதி, தீ பாயும். விலை 3,900 ராண்ட். 1999-ல் அவருக்கு அமைதிக்கான 'இக் நோபல்' பரிசு கிடைத்தது. கிண்டல் பரிசுதான். ஆனால் தீயை விலை கொடுத்து வாங்கத் தயாரான அந்த ஊர் ஓட்டுநரின் பயம் கிண்டல் இல்லை.

மறுபடியும் வசதி

சாவியை இக்னிஷனில் போடவே வேண்டாம், பாக்கெட்டில் இருந்தாலே கதவு திறக்கும் என்று அடுத்து வந்தது. பட்டனைத் தட்டினால் கார் கிளம்பும். கெட்டரிங்கின் ஸ்டார்ட்டரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சொந்தக்காரனுக்கு வசதியென்றால்...

2011-ல் சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களைச் சோதித்தார்கள். ஒருவர் கார் பக்கத்தில், இன்னொருவர் சாவி பக்கத்தில், நடுவில் சிக்னலை அப்படியே கடத்தும் கருவி. ரகசிய எண்ணை யாரும் உடைக்கவில்லை. கேள்வியையும் பதிலையும் தூது போல எடுத்துப் போனார்கள், அவ்வளவுதான். சாவி பக்கத்திலேயே இருப்பதாக நம்பிப் பத்து மாடலும் ஏமாந்தன. உலகத்தின் மிகச் சிறந்த குறியீட்டு முறையை வைத்திருந்தாலும் இது நடக்கும். ஏனென்றால் 'நீ யார்' என்று கேட்ட கார், 'நீ எங்கே இருக்கிறாய்' என்று கேட்கவில்லை. சிக்னல் வந்துபோகும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் புது சாவிகளும், அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் சாவிகளும் இதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல வந்தன.

திருடனும் சும்மா இல்லை. 2023-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, லண்டனில் திருட்டுப்போன டொயோட்டா ராவ்4 ஒன்றைப் பின்தொடர்ந்தது. ஹெட்லைட்டைப் பெயர்த்து, அதன் வயர் வழியாகக் காரின் உள் நெட்வொர்க்குக்கே போலிச் செய்தி அனுப்பும் முறை அது. அதற்கான கருவி பார்க்க ப்ளூடூத் ஸ்பீக்கர் மாதிரி இருந்தது.

இதில் ஒரு விசித்திரமான ஆறுதல் உண்டு. இந்த மாதிரித் திருட்டில் காரின் சொந்தக்காரர் தூங்கிக்கொண்டிருக்கிறார். காலையில் எழுந்தால் கார் இல்லை, ஆனால் அவர் இருக்கிறார்.

சரி, நாம் என்ன செய்வது?

படித்ததை வைத்து என் பழக்கங்களில் மாற்றிக்கொண்டவை இவை.

கார் வேறு, உயிர் வேறு. யாராவது ஆயுதத்தோடு வந்து கேட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு விலகிப் போவது. குழந்தை உள்ளே இருந்தால் "குழந்தை இருக்கு, எடுத்துக்கிறேன்" என்று முதலில் சத்தமாகச் சொல்வது. வீட்டில் எல்லாரோடும் இதை ஒருமுறை பேசி வைத்தோம். அந்த நேரத்தில் யோசிக்க நேரம் இருக்காது.

இஞ்சினை ஓடவிட்டு இறங்குவதில்லை. ஏசி போட்டுப் பிள்ளையைத் தூங்கவிட்டு, "ரெண்டு நிமிஷம்" என்று மெடிக்கல் ஷாப்புக்குள் போவது நம் ஊரில் சர்வசாதாரணம். ஓடும் இஞ்சினுக்கு எந்தச் சிப்பும் காவல் இல்லை.

சிக்னலில் முன் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விடுகிறேன். தேவைப்பட்டால் ஒடித்துக்கொண்டு வெளியே வரலாம். ஆளில்லாத இடத்தில் இரவில் யாராவது பின்னால் இடித்தால் அங்கேயே இறங்காமல், வெளிச்சமும் ஆட்களும் உள்ள பெட்ரோல் பங்குக்கோ போலீஸ் நிலையத்துக்கோ ஓட்டிப்போய் நிறுத்துவது நல்லது. அடிபட்டவர் இருந்தால் கதை வேறு. அப்போது நின்று உதவத்தான் வேண்டும்.

ரிமோட் சாவியை, சிக்னலைத் தடுக்கும் உலோக இழைப் பையில் போட்டு வைக்கிறேன். வாங்கியதும் சோதிக்க வேண்டும்: பையோடு கார் அருகே போய்க் கதவு திறந்தால் பை வேஸ்ட். இரண்டாவது சாவியையும் பத்திரமாக வையுங்கள். திருட்டு க்ளெய்ம் போட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

பழைய கார் வாங்கினால், வண்டியில் பொறித்த சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். விபத்தில் நொறுங்கிய வண்டியின் எண்ணைத் திருட்டு வண்டிக்குப் போட்டு விற்பது பழைய வித்தை.

கடைசியாக, ஸ்டியரிங்கில் மாட்டும் அந்தப் பழைய இரும்புக் கம்பியையும் வாங்கினேன். சிக்னல் கடத்தல், ஹெட்லைட் வித்தை எதற்கும் அது மசியாது. மாட்டும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரின் பதினைந்து வருடப் பழைய மாருதி கண்ணில் படும். போன மாதம் அவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "எதுக்கு தம்பி, இதையெல்லாம் எவன் தொடப்போறான்?" என்றார். லண்டன் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

அந்த டொரொண்டோ போலீஸ்காரரைப் பற்றி இப்போது எனக்கு வேறு அபிப்பிராயம். உயிரா காரா என்ற வரிசையில் அவர் தப்பு செய்யவில்லை. ஆனால் அந்த யோசனையைச் சொல்ல வேண்டிய நிலை வந்ததே தோல்விதான். அது அவருடைய தோல்வியும் இல்லை, வாசலில் சாவியை வைக்கும் என் நண்பனின் தோல்வியும் இல்லை. ஜெர்மனி அறுபது வருடத்துக்கு முன்பே காட்டிக்கொடுத்த வழி இருந்தது: எல்லார் வண்டியிலும் ஒரே நேரத்தில் பூட்டு. அதை விட்டுவிட்டு அவரவர் சாவியை அவரவர் காத்துக்கொள்ளச் சொன்னால், அது கடைசியில் பிள்ளைகள் தூங்கும் ரூம் வாசல் வரை வந்துதான் நிற்கும்.